ஹமீட் கடையில் திறந்து கிடந்த அஞ்சல்பெட்டி

1

"கள்ளன் வரேல்லை எண்டதை எப்பிடியப்பா கண்டுபிடிக்கிறது?"

என் மகள் கலிஸ்ரா ஆறு வயதில் கேட்டது. வந்தவன் தடயம் விடுவான். வராதவன் எதை விடுவான்? செபம் சொல்லிவிட்டுப் படு என்றேன். பதில் தெரியாததால்தான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: 2005ஆம் ஆண்டு, கிளிநொச்சியின் வானம்—

வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை.

நான் அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவன். வெளிவேலைக்குப் போகிறவர்கள் வவுனியா இணையக் கடைகளிலிருந்து அலுவலக மின்னஞ்சலைத் திறப்பதற்கு ஒரு பக்க வழிகாட்டி எழுதிக் கொடுத்தேன். திறப்பது எப்படி என்பதற்கு மூன்று வரி. யாரை நம்பக்கூடாது என்பதற்கு ஆறு. ஒன்பதாவது வரி: 'உங்களுக்குப் பிறகு கணினிக்கு முன் அந்தக் கதிரையில் இருப்பவர் உங்கள் எதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.'

ஞாயிறு பூசைக்குத் தவறாத ஒருவன் எழுதிய வரி.

3

எங்கள் கள அலுவலர் ஜோசப்பின், முல்லைத்தீவுக் கரைக்காரி. ஒரு பின்னேரம் வவுனியாவில் ஹமீட் என்பவரின் கடையில் மின்னஞ்சலைத் திறந்தார். கிளிநொச்சிக்குத் திரும்பும் வழியிலுள்ள ஓமந்தைச் சோதனைச்சாவடி பூட்டுகிற நேரமென்று எழும்பி ஓடியவர் பெட்டியை மூட மறந்துவிட்டார். உள்ளே வீட்டுத்திட்டப் பட்டியல் இருந்தது. நாற்பத்துமூன்று குடும்பங்கள், எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இல்லை, ஏன் இல்லை என்ற குறிப்போடு. (அது பிழையான கையில் கிடைத்தால் அந்த வீடுகளுக்கு ஆட்கள் வருவார்கள். போரின் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று நான் எழுதப்போவதில்லை.)

மறுநாள் காலை என் மேசைக்கு வந்தார்.

"அண்ணை, என்ர வேலை போனாப் போகட்டும். அந்தச் சனத்துக்கு ஒண்டும் நடக்கக்கூடாது."

"நான் தந்த பேப்பரை வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சனான். பைக்குள்ளதான் கிடக்கு."

"பைக்குள்ள கிடந்தா, அதுவே எழும்பிப் போய்ப் பூட்டுமோ?"

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். பெட்டியைத் திறந்தோம். அனுப்பாத கடிதங்களுக்குள் புதிதாக ஒன்று, ஆங்கில எழுத்தில் தமிழ்:

'தங்கச்சி, மூடாமப் போயிட்டீங்க. நான் மூடிட்டன். ஒண்டும் வாசிக்கல்ல. கடைக்கார ஹமீட்.'

ஜோசப்பின் சிலுவை அடையாளம் போட்டார். நான் போடவில்லை. வாசித்தவனும் இதைத்தானே எழுதுவான்? கடவுச்சொல்லை மாற்றினேன். வழிகாட்டியில் பத்தாவது வரி சேர்த்தேன்: 'ஹமீட் கடைக்குப் போகவேண்டாம்.' ஒருவரும் போகவில்லை.

நாலு மாதமாக அந்த நாற்பத்துமூன்று வீடுகளுக்கும் யாரும் வரவில்லை. (அது ஒன்றையும் நிரூபிக்காது.)

4

இவ்விடத்தில் ஹமீட்டைக் கள்ளனாக்கி ஒரு முடிவு எழுதினேன். பொருத்தமாக மீசையும் வைத்தேன். பிறகு அவரைப் புனிதராக்கி இன்னொன்று: 'அவருடைய கண்களில் ஒரு—'

கிழித்துவிட்டேன். அந்தக் கண்களை நான் ஒரு தடவைதான் பார்த்தேன்.

5

நாலு மாதம் கழித்து, நான் மின்னஞ்சல் பார்க்கவேண்டியிருந்த அன்று வவுனியாவில் மின்சாரம் இல்லை. ஜெனரேற்றர் ஓடியது அவர் கடையில் மட்டும். அதிலும் ஒரேயொரு கணினிக்குத்தான். எந்த ஒபீஸ் என்று கேட்டார். சொன்னேன்.

"உங்கட ஆக்கள் இப்ப வாறதே இல்ல. என்ட தேத்தண்ணி சரியில்லையாக்கும்."

சிரித்தபடியே எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்தார்.

"இருங்க அண்ணை. நான் தொழுதிட்டு வாறன். கடையக் கொஞ்சம் பாத்துக்கங்க."

திரையில் அவருடைய அஞ்சல்பெட்டி, மூடாமல்.

இடது பக்கத்தில் 'அனுப்பியவை'. எங்கள் பட்டியலை அவர் யாருக்காவது அனுப்பியிருந்தால் அதற்குள் இருக்கும். ஒரு தட்டு. என் மகளின் கேள்விக்கு விடை. கடையில் வேறு எவருமில்லை.

பெட்டியை மூடினேன். குறிப்பு எதுவும் எழுதிவைக்கவில்லை. அவர் திரும்பி வந்தபோதும் சொல்லவில்லை. கிளிநொச்சிக்கு வந்து, பத்தாவது வரியை எடுத்துவிட்டு வழிகாட்டியைப் புதிதாக அச்சடித்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

6

முடிவு என்னிடம் இல்லை. 'அனுப்பியவை'யைத் திறக்காமல்தான் மூடினேன். அதற்குச் சான்று இந்த ஒரு வரிதான். ஹமீட்டிடம் இருந்ததும் ஒரு வரிதான்.

எனக்குப் பிறகு இந்தக் கதிரையில் இருப்பவர் நீங்கள்.