அருவி, படகு, அன்னம், மூடுபனி

பாளையம்பட்டியில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் ராமசுப்பு வாசகம் எழுதாத விசேஷம் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. காதுகுத்து, கல்யாணம், கருமாதி, எல்லாம் அவன் கைவண்ணம்தான். ஆனால் கீழே வரிசையாகப் பேர் வருவது மாமன், மச்சான், பங்காளிகளுக்கு. அவனுக்கு மூலையில் கடையின் போன் நம்பர். தான் எழுதிய ஒன்றின் கீழே தன் பேரை ஒரு தடவையாவது அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று மனுஷன் ஏங்கிக் கிடந்தான்.

டவுனில் ஓர் இலக்கிய மன்றம் சிறுகதைப் போட்டி வைத்தது. அருவி, படகு, அன்னம், மூடுபனி நான்கும் கதையில் வர வேண்டும். ஜெயிக்கிற கதை ஆண்டு மலரில் வரும். மழையே எட்டிப் பார்க்காத சீமையில் இந்த நாலு சொல்லையும் பொறுக்கி எடுத்த புண்ணியவான், மன்றத் தலைவர் பேராசிரியர் காசிராஜன்.

ராமசுப்பு மண்டையை உடைத்துக்கொண்டான். கண்மாயில் படகு விடலாமென்றால் அங்கே கருவேல முள்தான் இருக்கிறது. அப்புறம்தான் உறைத்தது: நாலும் அவன் கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றனவே! கல்யாண ஃபிளெக்ஸில் பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் அவன் தினமும் ஒட்டுவது இவற்றைத்தானே. உட்கார்ந்து எழுதினான். கல்யாணம் முடிந்து, அந்த ஃபிளெக்ஸை ஒருத்தி ஆட்டுக்கொட்டகைக்குத் தடுப்பாகக் கட்டுகிறாள். கோடையில் தாகத்தோடு வந்த ஆடு படத்திலிருக்கும் அருவியை நக்குகிறது. எழுதி முடித்தபோது அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

காசிராஜன் கதையைத் திருப்பிக் கொடுத்தார். "சொல்லெல்லாம் இருக்குப்பா. ஆனா ஆடு போயி படத்த நக்குமா? நம்பும்படியா இல்லையே."

பரிசு, அருவியின் உச்சியில் காதலர்கள் படகு விடும் கதைக்குப் போனது. எழுதியவர் மன்றத்தின் பொருளாளர் உதயகுமார். போதாததற்கு விழா ஃபிளெக்ஸுக்கான ஆர்டரும் ராமசுப்புவிடமே வந்து சேர்ந்தது.

"பின்னாடி அருவி நல்லாப் பெருசா விழணும்ப்பா," என்றார் தலைவர். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்துக் கொடுத்தான்.

விழா நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. உதயகுமாருக்குப் பொன்னாடை போர்த்துகிற நேரம் பார்த்து, பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளாடு மேடையில் ஏறியது. பெரிய மனிதர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு நேரே ஃபிளெக்ஸிடம் போய், அருவியை நக்க ஆரம்பித்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஏப்பா ராமசுப்பு, அந்த ஆட்ட வெரட்டு!" என்று காசிராஜன் மைக்கிலேயே கத்தினார்.

ராமசுப்பு நாற்காலியை விட்டு அசையவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"அது ஏங் கதையில வார ஆடுங்கய்யா. நீங்கதான் நம்ப மாட்டேன்னுட்டீகளே!"