இன்னும் தொண்ணூறு சென்டிமீட்டர்

பதினோரு வருடமாக ஒரு ரோபோ எனக்கு டீ கொண்டுவந்துகொண்டிருக்கிறது. இன்னும் தொண்ணூறு சென்டிமீட்டர்தான் பாக்கி.

அது டிரெட்மில்லில் என்னை நோக்கி நடக்கிறது. பெல்ட் அதன் காலடியில் பின்னோக்கி ஓடுகிறது. என் மேசைமேல் ஒரு சென்சார். ரோபோ நெருங்கினால் பெல்ட்டை வேகமாக்கும், பின்தங்கினால் மெதுவாக்கும். தூரம் மாறுகிறதா என்று எழுதி வைப்பது என் வேலை. மாறியதே இல்லை. பாழாய்ப்போன சென்சார், அவ்வளவு நேர்மை.

டீ என் மனைவி பொற்கொடி போட்டது. நான் வேலையில் சேர்ந்த அன்று பிளாஸ்க்கோடு வந்தவள், பெல்ட்டின் மறுமுனையில் நின்று டம்ளரை ரோபோவிடம் கொடுத்தாள்.

"அவருகிட்டக் குடுத்துரு கண்ணு. சிந்தீராத."

மறுநாள் இந்தச் சோதனைக்கூடம் நீண்டுவிட்டது. பெல்ட்டும் கூடவே நீண்டது. இப்போது பொற்கொடி ஒரு புள்ளி. குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும்.

"ஏனுங்க, சக்கரை போதுமுங்களா?"

"இன்னும் குடிக்கவே இல்ல, புள்ள!"

"ஆறிப்போயிருமுங்க!"

ஆறவில்லை. ஆவி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் நேற்று அவள் கேட்கவில்லை. இன்று காலையும் கேட்கவில்லை. போய்விட்டாளோ?

சென்சாரைக் கழற்றி மேற்பார்வையாளர் டேவிட்சனிடம் கொடுத்தேன். "சார், இதைப் பிடிச்சுட்டு அப்படியே பின்னால நடங்க."

"எதுவரைக்கும்?"

"நான் சொல்ற வரைக்கும்."

"படிவம்?"

"பொறவு நிரப்பிக்கலாமுங்க."

அவர் நடந்தார். சுவர் நகர்ந்து வழிவிட்டது. சென்சார் விலக விலக, ரோபோதான் பின்தங்குகிறது என்று நினைத்துக்கொண்டது பெல்ட். மெதுவானது. எண்பது. ஐம்பது. பத்து.

"வந்துட்டனுங்க," என்றது ரோபோ. டம்ளரை நீட்டியது.

ஒரே மடக்கில் குடித்தேன். சர்க்கரையே இல்லை.

"சக்கரை சரியா இருக்குது, பொற்கொடி!"



"பொய் சொல்லாதீங்க. போட மறந்துட்டனுங்க. கையில வெச்சுட்டுத்தான் நிக்கறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் டேவிட்சன் படிவம் கேட்டுச் சென்சாரோடு ஓடிவந்தார். பெல்ட் மறுபடி வேகமெடுத்தது. காலி டம்ளரோடு ரோபோவின் பக்கத்தில் பெல்ட்டில் ஏறிக்கொண்டேன். அவள் பக்கம் திரும்பி நடக்கக் காலைத் தூக்கினேன்.

"நடக்க வேண்டாமுங்க," என்றது ரோபோ. "சும்மா நின்னாப் போதும்."

நின்றேன். இத்தனை வருடமும் பெல்ட் அவள் பக்கமாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.