பல் டாக்டருக்கு இடுப்பு பிடித்த நாள்

பல் வைத்தியம் என்றால் பல்லோடு முடிந்துபோகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது முதுகு வேலை. ஒருவர் வாய்க்குள் கடைசிப் பல்லைப் பார்க்க கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, இடுப்பை எதிர்ப்பக்கம் திருகி, இருபது நிமிஷம் அசையாமல் உட்கார வேண்டும். இந்த டாக்டர் பதினேழு வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்துகொண்டிருக்கிறாள். கடந்த ஆறு வருஷமாக இடுப்பு வலியும் அவளோடு கூடவே உட்கார்ந்திருக்கிறது.

காலையில் கட்டிலை விட்டு இறங்குவதே தனி வேலை. ஒருக்களித்து, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி, பிறகுதான் உடம்பு. சில நாள் குனிந்து சாக்ஸ் போடவே வராது. கணவர் சாக்ஸும் கையுமாக வந்து தரையில் உட்காருவார்.

"மகாராணிக்கு இன்னைக்கு எந்தக் கால் முதல்ல?"

"சிரிக்க வைக்காதீங்க. சிரிச்சா வலிக்குது."

ஸ்கேன் எடுத்தாயிற்று. முதுகெலும்புத் தட்டு ஒன்று லேசாகப் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, தினமும் பயிற்சி செய்யுங்கள், நடுநடுவே எழுந்து நடங்கள் என்றார்கள். பயிற்சியைச் செய்தாள். எழுந்து நடப்பதைத்தான் செய்யவில்லை. வாயைத் திறந்து வைத்திருக்கிறவரை விட்டுவிட்டு எங்கே நடப்பது? அதுவும் போக, இடுப்பு வலிக்கிற டாக்டர் என்று தெரிந்தால் யார் தைரியமாக வாயைத் திறப்பார்கள்? அதனால் கிளினிக்கில் மூச்சு விடவில்லை. அவளோடு ஒன்பது வருஷமாக வேலை செய்யும் உதவியாளர் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணி இருக்கும். நாற்காலியில் படுத்திருந்தவர் டைல்ஸ் போடுகிறவர். ஐம்பதை ஒட்டிய வயது, முழங்கை வரை சிமெண்ட் காய்ந்த தோல். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. ஊசி போட்டு, பாதி நாக்கும் உதடும் மரத்துப்போன பிறகு டாக்டர் சொத்தையைக் குடைந்து எடுத்துக்கொண்டிருந்தாள். யாருக்கோ செய்யக் கொடுத்திருந்த பல்செட்டை வாங்கிவர அக்கா பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தாள்.

விளக்கைக் கொஞ்சம் திருப்பலாம் என்று டாக்டர் ஸ்டூலிலிருந்து எழுந்து, குனிந்தபடி கையை நீட்டினாள். அவ்வளவுதான். ஈரப் போர்வையை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து முறுக்குவதுபோல இடுப்பு முறுக்கிக்கொண்டது.

பெடலிலிருந்து கால் தானாக எழுந்தது. டிரில் நின்றது. கருவியை அவர் வாயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தாள். பதினேழு வருஷப் பழக்கம் அதுவரை கைகொடுத்தது. அதற்கப்புறம் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"டாக்ழர்?" என்றார் டைல்ஸ்காரர், பாதி நாக்கால். "என் பல்லு அவ்ளோ மோஷமா?"

"இல்ல சார்... உங்க பல்லு நல்லாருக்கு. எனக்குத்தான் இடுப்பு..."

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அடுத்த நொடி, கழுத்தில் கட்டிய நீலத் துண்டோடு நாற்காலியை விட்டு இறங்கினார். ஓடிவந்து தூக்கவில்லை. இரண்டடி தள்ளி நின்றார்.

"பிழிச்சுக்கிச்சா?"

"ம்."

"கால் மரத்துப்போச்சா?"

"இல்ல. கால் நல்லாருக்கு."

"நல்லது. நான் தூக்க மாட்டேன். தூக்கினா இன்னும் முறுக்கிக்கும். நீங்களேதான் எறங்கணும், அவசரமே இல்ல. நாற்காலிக் கையைப் பிடிங்க. மூச்சை அடக்காதீங்க, விடுங்க. இப்ப ஒரு முட்டி. ஆங். அடுத்த முட்டி."

பல்லைக் கடித்துக்கொண்டு — பல்லைக் கடிக்காதீர்கள் என்று நாள் முழுவதும் மற்றவர்களுக்குச் சொல்கிறவள் — டாக்டர் மண்டி போட்டாள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, மெல்ல மல்லாந்தாள். அவளுடைய சக்கர ஸ்டூலை அவர் இழுத்து வந்து, உருளாமல் தன் காலால் அணைகொடுத்து, அவள் கெண்டைக்கால்கள் இரண்டையும் அதன்மேல் எடுத்து வைத்தார். முறுக்கு ஒரு சுற்று தளர்ந்தது. அவள் பெருமூச்சு விட்டாள்.

அந்த நேரம் பார்த்து அக்கா கதவைத் திறந்தாள். டாக்டர் தரையில். நோயாளி பக்கத்தில் சம்மணம் போட்டு, வாயோரம் ஒழுக ஒழுக உட்கார்ந்திருக்கிறார்.

"ஐயையோ! என்னய்யா பண்ணுனீங்க எங்க டாக்டரை?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. எனக்குத்தான் பண்ண வேண்டியது பாதியில நிக்குது."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கும், இருந்தாலும் சிரித்தாள். அக்கா விழுந்தடித்துக்கொண்டு ஓடி, சுடுதண்ணீர்ப் பையோடு வந்தாள்.

"இது ஏது நம்ம கிளினிக்ல?"

"வாங்கி வச்சு மூணு வருஷம் ஆச்சு."

"மூணு வருஷமா? உங்களுக்கு எப்படி..."

அக்கா பையை அவள் இடுப்புக்கடியில் பதமாகச் செருகினாள். "கீழ் அலமாரியில இருந்த சாமானெல்லாம் தானா மேல ஏறி வந்துச்சுன்னு நெனச்சீங்களா? கடவாய்ப் பல் கேஸ் ஒண்ணு முடிஞ்சா அடுத்த ஆளைப் பத்து நிமிஷம் கழிச்சுத்தான் உள்ள அனுப்புறேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். வாயைத் திறந்தாத்தானே?"

டாக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூன்று வருஷமாகப் பஞ்சும் கையுறையும் கைக்கெட்டுகிற உயரத்தில் இருந்திருக்கின்றன. ஒரு நாளும் அவள் அதைக் கவனித்ததில்லை. கண்ணோரம் மறுபடி நனைந்தது. இந்த முறை இடுப்புக்காக இல்லை.

டைல்ஸ்காரர் தன் கதையைச் சொன்னார். நாலு வருஷம் அவரும் இடுப்பு வலியை மறைத்தாராம். சொன்னால் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பயம். ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில், பாதி தரை போட்டிருந்தபோது இடுப்பு பிடித்து, எழ முடியாமல் மாட்டிக்கொண்டார். அந்த வீட்டில் எல்லோரும் மதியம் வரை பக்கத்து வீட்டுக்குப் போய்க் குளித்தார்கள்.

"அதுக்கப்புறம் எல்லார்கிட்டயும் முதல்லயே சொல்லிடுறேன். மூட்டை தூக்க மாட்டேன், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருப்பேன்னு. ரெண்டு பேர் வேண்டாம்னு போயிட்டாங்க. மத்தவங்க இருக்காங்க. வலியும் இருக்கு, அது எங்க போகும்? ஆனா முன்ன மாதிரி பயம் இல்ல."

"தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க," என்றாள் அக்கா.

"எனக்குப் பல்வலியும் சேர்ந்து வந்துருச்சே," என்றார் அவர்.

அரை மணியில் டாக்டரால் எழுந்து நிற்க முடிந்தது. டைல்ஸ்காரர் வாயில் மரப்பு இன்னும் விடவில்லை. நாற்காலியை முழு உயரத்துக்கு ஏற்றச் சொல்லி, நிமிர்ந்து நின்றபடியே அவர் பல்லில் தற்காலிக அடைப்பு வைத்தாள். சொல்லாமலே அவர் தலையை அவளுக்கு வாகாகத் திருப்பிக் கொடுத்தார். அன்று வர வேண்டிய மற்றவர்களுக்கெல்லாம் அக்கா போன் செய்தாள். "டாக்டருக்கு இடுப்பு பிடிச்சிருக்கு, நாளைக்கு வாங்க" என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பெண்மணி மட்டும் எந்தத் தைலம் நல்லது என்று கால்மணி நேரம் பேசினாராம்.

வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த கணவரிடம் காரில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "அந்த அக்கா மாசத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் பண்ணி உன் இடுப்பை விசாரிப்பாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க" என்றார்.

"எல்லாரும் கூட்டுக் களவாணிங்க," என்றாள் அவள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை டைல்ஸ்காரர் நிரந்தர அடைப்புக்கு வந்தார். பாதி வேலையில் டாக்டர் டிரில்லை நிறுத்தி, முகக் கவசத்தை இறக்கினாள்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் அஞ்சு நிமிஷம் நடந்துட்டு வரேன்."

வாய் நிறையப் பஞ்சோடு அவர் ஏதோ சொன்னார். புரியவில்லை. ஆனால் அவரும் நாற்காலியை விட்டு இறங்கினார். காத்திருந்த மூன்று பேர் பார்க்க, இருவரும் கிளினிக் தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார்கள். காத்திருந்தவர்களில் ஒரு பெரியவர், இதுவும் வைத்தியத்தில் சேர்ந்தது போலிருக்கிறது என்று நினைத்து, தானும் எழுந்து அவர்கள் பின்னால் நடக்க ஆரம்பித்தார்.