தாகத்தில் நாலு ரகம்

சித்தூர்த் தாலுகாவில் தாகமெடுக்கும் சகல ஜனங்களுக்கும் இதனால் தெரிவிப்பது யாதென்றால், உலகம் தோன்றிய நாள்முதல் ஒன்றாகக் கலந்து கிடந்த தாகம், வருகிற வெள்ளிக்கிழமை தொட்டு மூன்று ரகமாகப் பிரிக்கப்படும். தண்டோராக்காரன் இதைத் தெருத்தெருவாகச் சொல்லித் தட்டியபோது, அர்த்தநாரி தன் சோடாக் கம்பெனி வாசலில், திவான் பகதூர் பட்டம் வாங்குகிறவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

கம்பெனியின் முழுப்பெயர் ‘அர்த்தநாரி அண்ட் கம்பெனி’. அந்த ‘அண்ட் கம்பெனி’ என்பது ஒற்றை மாட்டுவண்டியும், அதில் தண்ணீர் கொண்டுவந்து பாட்டில் கழுவும் காளியாத்தாளும்.

தென்னந்தோப்பை அடமானம் வைத்துக் கோயமுத்தூரில் மிஷின் வாங்கியிருந்தார். வியாபாரம் படுத்துவிட்டது. சோடாவில் குற்றமில்லை. கீழ்த்தெருக்காரன் வாய்வைத்த பாட்டில் திரும்ப நிரம்பித் தங்கள் வாய்க்கு வந்துவிடுமோ என்று மேலத்தெருப் பண்ணையக்காரர்கள் தொடவே மறுத்தார்கள். தோப்பு கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில்தான் அந்த மகா யோசனை பிறந்தது. மேலத்தெருவுக்குப் பச்சைக் கோலி, கடைவீதிக்கு நீலக் கோலி, கீழ்த்தெருவுக்குச் சிவப்புக் கோலி. கழுத்துக்குள் கிடக்கும் கோலியை, பாட்டிலை உடைக்காமல் மாற்ற முடியாது. பிறந்த தெருவிலேயே பாட்டில் சாகும்.

மேலத்தெரு திரண்டு வந்தது. “பச்சைக்கு ஏப்பமே தனீங்க” என்றார்கள். நீலம் குடிக்கும் கடைவீதிக்காரர்கள், சிவப்பு குடிக்கிறவர்களைப் பார்த்து மூக்கைச் சுளிக்கக் கற்றுக்கொண்டார்கள். அர்த்தநாரிக்குத் தோப்பில் காற்று வீசுவது மறுபடி கேட்டது.

ஒருநாள் மேலத்தெருவின் பெரிய பண்ணாடி அப்புசாமி, மேல்துண்டு தோளில் நிற்காமல் கம்பெனிக்குள் நுழைந்தார்.

“ஏப்பா அர்த்தநாரி, கீழ்த்தெருப் பசங்க பச்சக் கோலி வெச்சு ஆடிக்கிட்டிருக்குதுக. அப்ப நா குடிச்ச பாட்டில்ல எவன் வாய் வெச்சான்?”

“அப்பிடியெல்லாம் நடக்காதுங்க மாமா. மொதல்ல உக்காந்து இதக் குடிங்க.” அர்த்தநாரி ஒரு பச்சைக் கோலி சோடாவைத் தட்டித் திறந்து கையில் கொடுத்துவிட்டுக் காளியாத்தாளைக் கூப்பிட்டார்.

அவள் ஈரக் கையோடு வாசலுக்கு வெளியே நின்று அர்த்தநாரியிடம் சொன்னாள். “பெரிய பண்ணாடி ஊட்டுக் கலியாணத்துல மாப்பிள்ள வகையறா போதையில இருவது பாட்டில ஒடச்சாங்களே, அதக் குப்பையில கொட்டச் சொன்னதே நீங்கதானுங்க. பசங்க பொறுக்கியாந்திருக்குதுக. பாட்டில் ஒடஞ்சா எந்தத் தெருப் பக்கம் உருளோணும்னு கோலிக்குத் தெரியாதுங்க.”

அது உண்மை என்று அர்த்தநாரிக்குத் தெரியும். அப்புசாமியின் முகத்தைப் பார்த்தார். அங்கே உண்மைக்கு இடமில்லை. அடுத்த நிமிஷம் வண்டிச் சாட்டையோடு பண்ணாடியின் ஆள் போயிற்று. பிள்ளைகளின் முதுகில் தடம் விழுந்தது. கோலிகள் ஒரு துணியில் முடிந்து வந்தன. அதில் காளியாத்தாளின் மகனுடையதும் இருந்தது.

“இனி நீ இந்த வாசப்பக்கம் வரப்படாது” என்றார் அர்த்தநாரி.

“செரீங்க” என்றாள் அவள். போகத் திரும்பியவள் நின்றாள். “நாளைக்குத் தண்ணிக்கு ஆர அனுப்புவீங்க? உங்க கெணத்துத் தண்ணி உப்புன்னு, மிஷின் வந்த நாள்ல இருந்து எங்க தெருக் கெணத்துத் தண்ணியத்தான ஊத்திக்கிட்டிருக்கறோம். பச்சைக்கும் அதேதானுங்க.”

அப்புசாமி அப்போதுதான் கடைசி மடக்கை விழுங்கியிருந்தார். பிறகு அவருக்கு ஏப்பம் வந்தது. நீளமான, திருப்தியான ஏப்பம்.

அர்த்தநாரிக்குத் தோப்பு, தேங்காய் தேங்காயாகக் கண்முன் உதிர்ந்தது.

“அந்தக் கெணறு,” என்றார் அப்புசாமி, காலிப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி, “அவிய கையில இருக்கறதுதான் தப்பு.”

அவர் சொன்னால் அது புறம்போக்கு. நாலாம் நாள் தீட்டுக் கழிக்கப் புண்ணியாகவாசனம் செய்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டு, அர்த்தநாரி அண்ட் கம்பெனி என்று பலகை மாட்டினார்கள். மேலத்தெரு பழையபடி பச்சை குடித்தது. தோப்பு மீண்டது.

கீழ்த்தெருவில் மட்டும் மறுபடி தண்டோரா போட்டார்கள். அவர்களுக்கென்றே கம்பெனியார் பெரிய மனதோடு நாலாவது ரகம் ஒன்றை விற்பனைக்கு விட்டிருக்கிறார்கள் என்று.

காளியாத்தாள் குடத்தோடு வரிசையில் நின்றாள். நாலாம் ரகத்தில் கோலி கிடையாது. காஸ் கிடையாது, காசு உண்டு.

அது தண்ணீர்.