கழுதையின் இடது காது

“காலைக் கொஞ்சம் முன்னுக்கு நீட்டி இரும் பிள்ளை,” என்றார் றஞ்சிதம் அன்ரி. “மேசைக்குக் கீழ ஒளிச்சு வைச்சா வாற சனத்துக்கு என்னெண்டு தெரியும்?”

பிரேமினி காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே பிளாஸ்ரிக்கும் இரும்புக் குழாயுமாக இருந்த அந்த வலது கால், கதிரையில் இடித்து டொக்கென்று சத்தம் போட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பார்க்காதவர்கள்போல முகத்தைத் திருப்பினார்கள். இந்தத் திருப்பலுக்கு மன்னார் மாவட்டம் முழுவதையும் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் போலும் என்று அவள் நினைத்தாள்.

மன்னார் பட்டினத்தில் பெண்களின் கைப்பணிக் கண்காட்சி. மண்டபத்தின் வலப்பக்கம் முழுக்கப் போட்டிக்கான மேசைகள். இடப்பக்கம், வாசலுக்கு நேரே, வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் ‘விசேட பிரிவு’. அங்கே போட்டி கிடையாது, தோல்வியும் கிடையாது. உட்கார்ந்திருந்தாலே சான்றிதழ். பிரேமினியின் மேசையில் மட்டை ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள்: ‘போரினால் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிப் பெண்ணின் கைவண்ணம்.’ பெயரைக் காணோம். கேட்டதற்கு, மட்டையில் இடம் போதவில்லை என்றார்கள்.

றஞ்சிதம் அன்ரி இலுப்பைக்கடவைப் பக்கத்து மாதர் சங்கத்தின் தலைவி. பிரேமினியையும் அவளுடைய தையல்களையும் காலை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான். வீட்டுத்திட்டத்துக்கு ஓடினது, பொய்க்காலுக்கு ஓடினது எல்லாம் அவர்தான். இப்போது விசேட பிரிவில் மோட்டர் பூட்டிய தையல் மெஷின் ஒன்றையும் பிரேமினியின் பெயருக்கு எழுதுவித்திருந்தார். பின்னேரம் பிரதம விருந்தினர் கையால் கொடுப்பதாக ஏற்பாடு. அன்ரியை ஏசவும் மனம் வராது, அவர் சொல்வதைக் கேட்கவும் மனம் வராது. அந்த மெஷினில் பிரேமினிக்கு ஆசை இல்லை என்றால் அது பச்சைப் பொய். வீட்டில் இருப்பது கால்மெஷின். ஒரு காலால் மிதித்து ஒரு பிளவுஸ் முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

சங்கத்தில் எல்லோரும் மயில் தைத்தார்கள். தலையணையில் மயில், மேசைவிரிப்பில் மயில், யன்னல் சீலையில் சோடி மயில். பிரேமினிக்கு மயிலைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அப்பா பாலசிங்கம் போகத்துக்குப் போகம் தகரத்தைத் தட்டித் தட்டி வயலிலிருந்து கலைப்பது அந்த மயிலைத்தான். நெல்லைத் தின்று தொலைக்கிற கள்ளனுக்குத் துணியில் தோகை விரித்துக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

அவள் தைத்தது கழுதை. சாதாரண மன்னார்க் கழுதை. பொய்க்காலுக்கு அளவு கொடுக்க வந்த அன்று பஸ் நிலையத்துக்கு முன்னால் கண்டது. நடு றோட்டில் நின்றது. பஸ்காரன் ஹோன் அடித்தான், ஓட்டோக்காரன் தாய் தகப்பனை இழுத்து ஏசினான், பொலிஸ்காரர் இரண்டு கையையும் வீசினார். கழுதை ஒரு சொப்பிங் பையைச் சப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. இடது காதை மட்டும் ஹோன் சத்தம் வந்த பக்கம் ஒருக்கால் திருப்பியது. கேட்டது, ஆனால் போகமாட்டேன் என்று சொல்கிற காது. ஊன்றுதடிகளில் தொங்கிக்கொண்டு நின்ற பிரேமினி வாய்விட்டுச் சிரித்தாள். மீளக்குடியேறிய அடுத்த போகத்தில், துப்பரவாக்கியாயிற்று என்று சொல்லப்பட்ட வயலின் வரப்பில் மிதிவெடி அவளுடைய காலைக் கொண்டுபோன பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். “கழுதையைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளையைப் பெத்தது நான்தான்,” என்று அப்பா பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

கட்டத்துணியில், ஒரு இழைக்கு மேல் இன்னொரு இழை குறுக்கே விழ, வாக்குச்சீட்டில் போடுகிற புள்ளடி மாதிரி, சின்னச் சின்னப் புள்ளடியாக அந்தக் கழுதையை எழுப்பினாள். ஊர்க் கடையில் சாம்பல் நிற நூல் கிடையாது. ஆகவே ஒரு கறுப்பு இழையையும் ஒரு வெள்ளை இழையையும் ஒரே ஊசியில் கோர்த்தாள். நிழல் விழும் வயிற்றுக்குக் கறுப்பைக் கூட்டினாள், முதுகுக்கு வெள்ளையைக் கூட்டினாள். சொப்பிங் பைக்கு நீலம். கண்ணை மட்டும் மூன்று தரம் அவிழ்த்துத் தைத்தாள், ஏனென்றால் முதல் இரண்டு தரமும் கழுதை பாவமாகப் பார்த்தது.

திறப்பு விழாப் பேச்சுகள் முடிந்து சனம் வரத் தொடங்கியது. முதலில் வந்த அம்மா மட்டையை வாசித்தார், குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார், “பாவம்” என்றார், மடித்து வைத்திருந்த கைலேஞ்சி ஒன்றை விரித்தும் பாராமல் வாங்கிப் பையில் போட்டார். அடுத்து வந்தவர்களும் அப்படித்தான். விற்பனை விற்பனைதானே என்று பிரேமினி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். தையல் தெரிந்த எந்தப் பெண்ணும் ஒரு துணியைக் கையில் எடுத்தால் முதலில் திருப்பித்தான் பார்ப்பாள். முகப்பை யாரும் மினுக்கிவிடலாம், தைத்தவளின் கை எப்படிப்பட்டது என்பது பின்பக்கத்தில்தான் தெரியும். காலையிலிருந்து ஒருத்தியும் ஒன்றையும் திருப்பவில்லை. எல்லோரும் காலைத்தான் பார்த்தார்கள்.

பிறகு கமராவோடு ஒரு பெடியன் வந்தான். ஏதோ நிறுவனத்தின் அட்டை கழுத்தில் தொங்கியது.

“அக்கா, கழுதையை மடியில வையுங்கோ. ஸ்கேட்டைக் கொஞ்சம் மேல இழுத்து விடுங்கோ, படத்தில கால் விழேல்லை.”

“கால் எதுக்குத் தம்பி?”

“கால் தெரிஞ்சாத்தானே அக்கா கதை.”

“அப்ப தையல்?”

“அதுவும் விழும்,” என்று பெரிய மனதோடு சொன்னான்.

பிரேமினி எழுந்தாள். “உங்கட கதைக்கு வேற கால் பாருங்கோ தம்பி,” என்று சொல்லிவிட்டு, மட்டையை மேசையில் குப்புறப் படுக்கவைத்தாள். கழுதையைச் சட்டத்தோடு தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். றஞ்சிதம் அன்ரி ஓடி வந்து வழியை மறித்தார்.

“எங்க வெளிக்கிடுறீர்?”

“போட்டிக்கு.”

“உமக்கென்ன விசரே? அங்க தாழ்வுபாட்டில இருந்து அன்ரோனெற் வந்திருக்கிறாள். போன வரியமும் அவள்தான், அதுக்கு முதல் வரியமும் அவள்தான். மெஷின் இந்தப் பக்கம் இருக்கிறவைக்குத்தான் பிள்ளை. அங்கால போனால் உம்மட பேரை வெட்டிப்போடுவினம்.”

“வெட்டட்டும்.”

“அந்த மெஷினுக்கு நான் எத்தினை கந்தோர் ஏறி இறங்கினனான் தெரியுமே?” அன்ரியின் குரல் உடைந்துவிட்டது.

 அந்த மனிசி செருப்புத் தேய நடந்தது உண்மை. ஆனாலும் உட்கார முடியவில்லை. “தெரியும் அன்ரி. மெஷின் தாறதெண்டால் என்ர தையலைப் பாத்துத் தரட்டும். காலுக்கு ஏற்கெனவே ஒரு கால் தந்திட்டினம், அந்தக் கணக்கு முடிஞ்சுது.”

மண்டபத்தைக் குறுக்கே கடந்தாள். பயம் இல்லாமல் இல்லை. போட்டி மேசையில் இருந்த பிள்ளையிடம் பெயரைச் சொன்னாள். அந்தப் பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதி, கடைசி மேசையைக் காட்டியது. காலைப் பார்க்காத அந்தக் கொட்டாவி பிரேமினிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

மேசையில் பாதி இடம் ஏற்கெனவே பிடிபட்டிருந்தது. தேவாலயப் பீடத்துக்கான விரிப்பு ஒன்று, திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிருமாகக் கிடந்தது. பக்கத்துக் கதிரையில் யாரும் இல்லை. பிரேமினி உட்கார்ந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, விரிப்பின் ஓரத்தைப் புரட்டினாள். முகப்பு எது, பின்பக்கம் எது என்று சொல்லத் தெரியவில்லை.  மெஷினும் போய்ப் பரிசும் போய் வெறுங்கையோடு பஸ் ஏறப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

விரிப்பின் சொந்தக்காரி பிளேன்ரீக் கோப்பையோடு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கருவாட்டு உப்பில் காய்ந்த கைகள், கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. இவள்தான் அன்ரோனெற் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பிரேமினியை ஒரு பார்வை, கழுதையை ஒரு பார்வை பார்த்தாள்.

“கழுதையோ?”

“ஓம்.”

“எங்கட ஆண்டவர் ஏறிப்போன கழுதையோ?”

“இல்லை. பஸ்ஸுக்கு வழி விடாமல் நிண்ட கழுதை.”

அன்ரோனெற் மூக்கால் சிரித்தாள். கோப்பையை வைத்தாள், கண்ணாடியை மாட்டினாள், கேளாமலே சட்டத்தைத் தூக்கினாள், திருப்பினாள். 

“நூலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறீர். வாலில இருந்து குளம்புக்கு. வெட்டிச் செருகிப்போட்டுப் புதுசாத் தொடங்கியிருக்கோணும். பஞ்சியோ?”

பிரேமினியின் முகம் சுட்டது. உண்மைதான், அன்றைக்குப் பஞ்சிதான், நூலை வெட்டிக் கோர்க்கச் சோம்பல். அன்ரோனெற் முகப்புக்குத் திரும்பினாள்.

“இந்தக் காதும் பிழை. மேல் நூல் எல்லா இடத்திலயும் வலப்பக்கம் சரியுது, இதில மட்டும் இடப்பக்கம். அவிழ்த்திருக்க வேணும்.”

“அது பிழையில்லை. வேணுமெண்டுதான் மாத்தினனான்.”

“வேணுமெண்டு செய்தால் பிழை சரியாகிடுமே?”

“வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ அக்கா. அந்தக் காது மட்டும் அசையும்.”

“துணியில காது அசையுறதோ! தங்கச்சி, எனக்கு ஊசி பிடிக்கத் தெரிஞ்ச நாளில இருந்து இதுதான் சட்டம்.”

“அப்ப நீங்கள் சட்டத்தைத் தையுங்கோ. நான் கழுதையைத் தைக்கிறன்.”

 பிரேமினிக்கு உடம்பெல்லாம் சூடாக இருந்தது. அது கோபம் என்று முதலில் நினைத்தாள், பிறகுதான் சந்தோசம் என்று புரிந்தது. வெடிக்குப் பிறகு ஒருவரும் அவளோடு சண்டை பிடித்ததில்லை. சோறு அடிப்பிடித்தால் அம்மா பேசாமல் தட்டில் போட்டுக்கொள்கிறாள். அளவு பிழைத்த பிளவுஸை ஊர்ப் பெண்கள் “பரவாயில்லை” என்று வாங்கிக்கொண்டு போய் வேறெங்கோ கொடுத்துத் திருத்துகிறார்கள். எல்லோரும் நல்லவர்கள். அந்த நல்லதனத்துக்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. இப்போது இந்தத் தாழ்வுபாட்டு மனிசி அவளைப் பஞ்சிக்காரி என்கிறாள், பிழைக்காரி என்கிறாள். இன்னும் சொல்லட்டும், பொழுது படும்வரை சொல்லட்டும் என்றிருந்தது.

“தாங்கோ, நான் காட்டுறன்,” என்று சட்டத்தைப் பறித்துக்கொண்டு, யன்னல் வெளிச்சத்துக்கு எழுந்தாள்.

இரண்டாவது எட்டில் பின்னால் சத்தம் இல்லாமல் போனது அவளுக்கு விளங்கியது. திரும்பினாள். அன்ரோனெற்றின் கண் ஸ்கேட் விளிம்புக்குக் கீழே, செருப்புப் போட்ட இறப்பர்ப் பாதத்தில் நின்றது. பிறகு மேலே வந்தது. காலையில் மட்டை வாசித்த அத்தனை பேரின் முகமும் இப்போது அவளுடைய முகத்தில் இருந்தது.

“ஐயோ பிள்ளை... எனக்குத் தெரியாது. என்ர வாய் சும்மா இராது. குறை நினையாதேயும் அம்மா. காது... காது வடிவாத்தான் இருக்கு. நல்லாத் தைச்சிருக்கிறீர்.”

“வாலில இருந்து குளம்புக்கு இழுத்த நூலும் வடிவோ?”

“அது பெரிய விசயமில்லைப் பிள்ளை.”

“இப்ப கொஞ்சத்துக்கு முதல் பெரிய விசயமா இருந்தது.”

“அது நான் தெரியாமல்...”

“என்ன தெரியாமல்?” பிரேமினியின் குரல் உயர்ந்தது. நாலு மேசை திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். “நான் அங்க ஒரு மெஷினை விட்டுப்போட்டு இஞ்ச வந்தது இந்தக் கதையைக் கேக்க இல்லை அக்கா. கால் இல்லாதது எனக்கு. கழுதைக்கு நாலு காலும் இருக்கு. கழுதையைப் பாத்துச் சொல்லுங்கோ.”

மண்டபத்தின் அந்த முனையில் நடுவர்கள் மேசை மேசையாக வரத் தொடங்கியிருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் றஞ்சிதம் அன்ரி வெறும் கதிரைக்குப் பக்கத்தில் நின்றபடி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.  அன்ரோனெற்றின் முகம் சிவந்து கறுத்தது. கெட்டுப்போயிற்று, இவளும் ‘பாவம்’ சொல்கிறவர்கள் பக்கம் போய்விட்டாள் என்று பிரேமினி நினைத்தாள். அழுகை வந்தது. அதை வரவிடாமல் சட்டத்தை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

அன்ரோனெற் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சட்டத்தை அவள் கையிலிருந்து வெடுக்கென்று இழுத்தாள். யன்னலோரம் போய் அதை இடப்பக்கம் சரித்தாள், வலப்பக்கம் சரித்தாள், மறுபடி இடப்பக்கம் சரித்தாள்.

“அசையுது,” என்றாள். உடனேயே கண்ணாடிக்கு மேலாலே முறைத்தாள். “அசைஞ்சாலும் பிழை பிழைதான்.”

“பிழையில்லை.”

“குளம்பு நூல் தனிப் பஞ்சித்தனம்.”

“அது ஓம்.”

“இஞ்ச வாரும், வயித்துக்குக் கீழ இன்னொண்டு விட்டிருக்கிறீர்.”

“எங்க? சும்மா சொல்லாதேங்கோ, காட்டுங்கோ!”

நடுவர்கள் கடைசி மேசைக்கு வந்தபோது அதில் ஒரு பக்கம் பீட விரிப்பு இருந்தது, மறுபக்கம் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. யன்னலடியில் இரண்டு பெண்கள் ஒரு தையல் சட்டத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்தபடி, தலை முட்டுமளவுக்குக் குனிந்து உரத்த குரலில் தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் ஒருவர் செருமினார். இருவரும் நிமிரவில்லை.