அரைச்சுற்று

முப்பத்தோரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர் அவர். நடுவழியில் நின்றுபோன லிப்டுக்குள் அலறுகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று, "பதறாதீங்க, மூச்சை நிதானமா விடுங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தவர். அந்த ஞாயிறு முற்பகலில், தன் வீட்டு வாசலில் தன் ஜீப்புக்கு அடியில் கிடந்தபடி அதையே தனக்குச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

நாலு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் ஜீப் அது. ஏழு மாதமாக ஒரே நோய். சாவியைத் திருப்பினால் கிளம்பும். தெருமுனை தாண்டுவதற்குள் இருமி இருமி நின்றுவிடும். டீசல் வரும் வழியில் எங்கோ காற்று புகுகிறது. ஃபில்டரை மாற்றினார். ரப்பர் குழாய்களை மாற்றினார். வாஷர் ஒன்று விடவில்லை. மாற்றிய அன்று நன்றாக ஓடும். மறுநாள், பழைய குருடி கதவைத் திறடி.

ஜீப் அவருக்கு ஆடம்பரமில்லை. மகள் மலைக்கு அந்தப் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறாள். மூன்று நாள் வழி. கடைசிப் பாதி வெறும் மண்பாதை. "அம்மாவும் போயாச்சு, அங்க எதுக்குப்பா தனியா? எங்களோடயே வந்து இருங்க" என்று வாராவாரம் கூப்பிடுகிறாள். ஜீப் சரியானதும் வந்துவிடுவதாக இவரும் சொல்லியிருந்தார்.

தனியா என்று அவள் சொன்னாலும் மாடியறையில் இன்னொருவர் இருந்தார். இறந்துபோன மனைவியின் தம்பி. ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாத தையல்காரர். விடிந்ததிலிருந்து மேலே மிஷின் ஓடும். சாப்பாட்டு வேளைக்கு மட்டும் கீழே வருவார். லிப்ட்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே ஜீப்பின் நோயைப் பற்றிப் பேசுவார். தையல்காரர் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

டேங்கிலிருந்து முன்னே வரும் இரும்புப் பைப் ஒன்றுதான் மாற்ற மிச்சம். அன்று அதற்காக இடது பின்பக்கத்தை ஜாக்கில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினார். அந்தச் சக்கரத்தை, ஜாக் நழுவினால் தாங்கட்டும் என்று வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டார். அந்த ஜீப்பில் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிக்காது, பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் தண்டைத்தான் பிடிக்கும். ஒரு பின்சக்கரம் தரையை விட்டால் பிரேக் போட்டும் போடாததுதான். அது தெரிந்துதான் முன்சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்திருந்தார். காலை நீட்ட இடம் போதவில்லையென்று அந்தக் கல்லை உதைத்துத் தள்ளியவரும் அவரேதான்.

வண்டி ஒரு சாண் நகர்ந்தது. ஜாக் சாய்ந்தது. படுக்கப் போட்ட டயர் அவர் நெஞ்சைக் காப்பாற்றியது. ஆனால் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே இடது முன்கை மாட்டிக்கொண்டது.

எலும்பு முறியவில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் இழுத்தால் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன. அவிழ்த்த பைப்பிலிருந்து டீசல் சொட்டுச் சொட்டாகக் காதுக்குள் விழுந்தது. தலையைத் திருப்ப அந்தப் பக்கம் இடமில்லை. பானெட் மேல் வைத்திருந்த போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மகளாகத்தான் இருக்கும்.

"மாப்ள!" என்று கத்தினார். மேலே மிஷின் கடகடத்தது. அது நிற்கும் இடைவெளிக்காகக் காத்திருந்து கத்தினார். இவர் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து அது மறுபடி ஓடியது. எவ்வளவு நேரமோ தெரியவில்லை. கடைசியில் ஊசி உடைந்ததோ நூல் தீர்ந்ததோ, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்த தையல்காரர் பார்த்த மாத்திரத்தில் பதறிப்போய் லிப்ட்காரரின் இரண்டு காலையும் பிடித்து இழுத்தார்.

"டேய், இழுக்காதடா! கை அங்கயே நின்னுடும்! முதல்ல முன்சக்கரத்துக்குக் கல்லை வை."

வைத்தார்.

"ஜாக்கைச் சட்டத்துக்கு அடியில நேரா நிறுத்து. கீழ இருக்கிற வால்வை வலப்பக்கம் முறுக்கு. இப்போ கம்பியைப் போட்டு அடி."

தையல்காரர் கம்பியைச் செருகினார். அடிக்கவில்லை. தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"மச்சான், அந்தப் பைப்பு நல்ல பைப்பு."

"எந்தப் பைப்பு?"

"நீங்க கழட்டுறது. அதுல ஒரு கோளாறும் இல்ல. ஃபில்டர் தலையில காத்தெடுக்கிற திருகு இருக்குல்ல? அதை நான்தான் ஒவ்வொரு தடவையும் அரைச்சுற்று..."

லிப்ட்காரருக்குச் சற்று நேரம் கை வலிகூட மறந்துபோனது.

"உனக்கு எப்படிடா அந்தத் திருகு தெரியும்?"

"நீங்கதானே சாப்பிடும்போது சொன்னீங்க, அது அரைச்சுற்று லூசானாலே வண்டி படுத்துடும்னு. பார்த்தா இறுக்கமா இருக்கிற மாதிரியே வைப்பேன். சட்டைக்குக் காஜா எடுக்கிற கை, மச்சான்."

"ஜாக்கை அடிடா முதல்ல!"

இரும்பு மேலே எழும்பியது. கை வெளியே வந்தது, வேறு யாருடையதோ போல.

கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முறிவில்லை; சதை நசுங்கியிருக்கிறது, மூன்று வாரம் கட்டோடு தொங்கவிட வேண்டும் என்றார்கள். திரும்பி வரும்போது வாடகைக் காரில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அதன்பின் நாலு நாளும் தையல்காரர் சமைத்து மூடிவைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார்.

ஐந்தாம் நாள் லிப்ட்காரர் சக்கரத்தையும் பைப்பையும் மாட்ட அவரையே கூப்பிட்டார். வேறு யார் இருக்கிறார்கள்? மாட்டி முடித்ததும் ஒற்றைக் கையால் காற்றெடுத்து, அந்தத் திருகைத் தானே இறுக்கினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம், அரைமணி, ஒரு மணி. இருமல் இல்லை. பக்கத்து வீட்டம்மா ஜன்னலைத் திறந்து புகைக்குத் திட்டிய பிறகுதான் அணைத்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"என்னன்னு? போகாதீங்கன்னா? அக்காவே இல்ல. எந்த உரிமையில சொல்றது?" தையல்காரர் கையைத் துடைத்த துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "எப்போ கிளம்புறீங்க?"

"கை சரியாகட்டும்."

கை பதினெட்டாம் நாளே சரியாகிவிட்டது. நர்ஸ் கட்டை அவிழ்த்து, விரல்களை மடக்கச் சொல்லிப் பார்த்து, "இனி நீங்க வண்டியே ஓட்டலாம்" என்று சிரித்தாள். லிப்ட்காரர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். தெருவோர மரத்தடியில் நின்று, பையிலிருந்த பழைய கட்டுத்துணியை எடுத்தார். ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, கையை மறுபடி சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார். பிறகு வீட்டுக்கு நடந்தார்.