மூக்கண்ணன் போட்ட கன்வெர்ட்டர்

அக்காவின் கார் ஷெட் வாசல் மேட்டில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. மேடு என்றால் மலையொன்றும் இல்லை, ஒரு ஜாண் சரிவு. முதல் கியரில் உறுமி, நடுங்கி, அணைந்துபோனது. வெள்ளை யூனிஃபார்மை உதறிக்கொண்டு இறங்கினாள். "மூச்சு வாங்குதுடா இதுக்கு. ரெண்டு நாளா இப்படித்தான். காலுக்குக் கீழ தரை வேற சுடுது." அக்கா நர்ஸ். ஆஸ்பத்திரியில் இல்லை, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவள். ஒரு நாளைக்கு ஏழு வீடு. பதினெட்டு வயதான இந்தக் கார் படுத்துவிட்டால் இரண்டு வீட்டுக்கு மேல் அவளால் போக முடியாது.

"அழுகின முட்டை நாத்தம் குடலைப் புடுங்குது. உனக்குத் தெரியலையா?"

"தெரியுது, தெரியுது" என்றேன்.

தெரியவில்லை. பத்து மாதமாக எனக்கு எந்த வாசமும் தெரிவதில்லை. ஒரு காய்ச்சல் வந்தது, ஒரு வாரம் படுத்தேன், எழுந்தபோது மூக்கு இருந்த இடத்தில்தான் இருந்தது, வேலையை மட்டும் விட்டுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? ஊரே என்னை மூக்கண்ணன் என்றுதான் கூப்பிடுகிறது. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற ஷெட் இதே தெருவில் இரண்டு உண்டு. என்னிடம் வருகிறவர்கள் என் மூக்கை நம்பி வருகிறார்கள். புகைக்குழாய் அருகே குனிவேன். யாராவது வாயைத் திறந்தால் 'பொறுங்க' என்று ஒரு விரலைத் தூக்குவேன். ஒரு மூச்சு இழுத்துவிட்டு, ஆயில் எரியுது, பெட்ரோல் கூடுதலாப் போகுது என்று சொல்லிவிடுவேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தரம்கூடத் தப்பியதில்லை. கர்வம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

காரைத் தள்ளி உள்ளே கொண்டுவந்தோம். சூடு ஆறும் வரைக்கும் காத்திருந்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் நுழைந்தேன். இன்ஜினுக்கும் சைலன்ஸருக்கும் நடுவில், ஓட்டுகிறவர் காலுக்கு நேர் கீழே, ஒரு டப்பா தொங்கும். அதுதான் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள். புகை அதன் வழியாகப் போய்ச் சுத்தமாகி வெளியேறும். ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். கலகலவென்றது. கூடு உடைந்து, துண்டுகள் வழியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. புகை வெளியே போகாவிட்டால் இன்ஜின் எப்படி மூச்சு விடும்? நோய் தெரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. நட்டைக் கழற்ற ஸ்பானரை வைத்தபோதுதான் அந்த மஞ்சள் பொட்டைப் பார்த்தேன். நான் போட்ட நட்டுக்கெல்லாம் நானே வைக்கிற பெயிண்ட் பொட்டு. கருகிப்போயிருந்தது. இது நான் மாட்டிய கன்வெர்ட்டர். எட்டே மாதம்.

கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கூடு உடைந்தது மட்டுமில்லை, ஒரு பக்கம் உருகி வழிந்து கட்டியாகியிருந்தது. பீங்கான் மாதிரிப் பொருள், லேசில் உருகாது. எரியாத பெட்ரோல் அப்படியே இந்தக் கூட்டுக்குள் வந்து எரிந்தால்தான் இந்தக் கதி. அப்படியென்றால் டப்பா தானாகச் சாகவில்லை. எது கொன்றது? போன தடவை பழைய டப்பாவைக் கொன்றதும் அதுவேதானா? எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. அக்கா ஏதோ கேட்டதுகூடக் காதில் விழவில்லை.

டப்பா இல்லாமலே இன்ஜினை ஓடவிட்டேன். காது கிழிகிற சத்தம். நாலு சிலிண்டருக்கும் தீப்பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில் நாலு. ஒவ்வொன்றாக ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். ஒன்றைப் பிடுங்கியதும் இன்ஜின் நொண்டியது. இரண்டாவதிலும் நொண்டியது. மூன்றாவதில் ஒரு மாற்றமும் இல்லை. முன்பே செத்துக் கிடந்திருக்கிறது. காயிலில் மயிரிழை விரிசல். இன்ஜினை அணைத்து அதன் ஸ்பார்க் பிளக்கை எடுத்தால் பெட்ரோலில் நனைந்து கருப்பாக இருந்தது. பழக்கதோஷம், மூக்குக்குக் கொண்டுபோனேன்.

திரும்பினால் அக்கா தெருவில் நிற்கிறாள், கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய. ஷெட் முழுக்கப் புகை. நான் அதற்கு நடுவில் பூந்தோட்டத்தில் நிற்பதுபோல் நின்றிருக்கிறேன்.

பிளக்கைக் கீழே வைத்தேன். அவள் கார்க்கதவைத் திறந்து மருந்துப் பையை எடுத்து வந்தாள். "கண்ணை மூடு" என்றாள்.

"எதுக்கு?"

"மூடுடா."

சின்ன வயதிலிருந்தே அந்தக் குரலை நான் மீறியதில்லை. மூடினேன். மூக்கருகே ஈரமாக ஏதோ வந்தது.

"இது என்ன?"

நர்ஸ் பையில் வேறென்ன இருக்கும்? "ஸ்பிரிட்."

"இது?"

"தண்ணி."

பையின் ஜிப்பை இழுத்து மூடுகிற சத்தம். "ரெண்டும் தண்ணிடா" என்றாள்.

கண்ணைத் திறக்க வெட்கமாக இருந்தது. மூக்குடைபட்டேன் என்று எத்தனையோ தடவை விளையாட்டாகச் சொல்லியிருக்கிறேன். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது. காய்ச்சல் விஷயத்தைச் சொன்னேன். எட்டு மாதத்துக்கு முன்னால் புகைக்குழாயில் குனிந்து, விரலைத் தூக்கி, எதுவும் தெரியாமலே 'எல்லாம் சுத்தம்' என்று அவளை அனுப்பியதையும் சொன்னேன். "அந்தக் காயில் அப்பவே விட்டு விட்டுத்தான் வேலை செஞ்சிருக்குக்கா. பெட்ரோல் வாசம் தெரிஞ்சிருந்தா விட்டிருக்கமாட்டேன். டப்பா சிவக்கச் சிவக்கச் சுட்டிருக்கு. உன் காலுக்குக் கீழ கார்பெட் பத்திக்கிட்டிருந்தா?"

அவள் காருக்குள் கையைவிட்டு, டாஷ்போர்டிலிருந்து எதையோ உரித்து எடுத்தாள். புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. அடியில் இருந்தது இன்ஜின் கோளாறு விளக்கு. "ஆறு மாசமா எரியுது. பழைய காருன்னா எரியத்தான் செய்யும்னு நீதான் சொன்ன. கண்ணுல குத்திக்கிட்டே இருந்துச்சு, ஒட்டிட்டேன்" என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல குடும்பம்டா."

"வீட்ல சொல்லிடாதே."

"யார்கிட்ட, உன் பொண்டாட்டிகிட்டயா? அடுப்புல பால் தீஞ்சு வீடே புகையா இருந்தப்ப, நீ பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சியாமே. நாலு மாசம் முன்னாடியே எனக்குப் போன் பண்ணிட்டா. நீயா சொல்றியான்னு பார்த்துக்கிட்டிருக்கோம்."

மத்தியானத்துக்குள் சாமான் வந்துவிட்டது. முதலில் புதுக் காயில், புதுப் பிளக்குகள். பிறகுதான் கன்வெர்ட்டர், இரண்டு பக்கமும் புகை கசியாமலிருக்கப் புது கேஸ்கட். நட்டை முறுக்கி முடித்து, மஞ்சள் பொட்டு வைக்கப் பிரஷ்ஷை எடுத்தவன், வைக்காமல் கீழே வைத்தேன். இன்ஜின் முதல் சாவியிலேயே பிடித்தது. இறக்கி, வாசல் மேட்டில் ஏற்றிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஏறியது.

அந்த நேரத்துக்கு மூக்கில் வியர்த்ததுபோல் டாக்ஸிக்காரர் வந்து நின்றார். பல வருஷ வாடிக்கை, வாய் கொஞ்சம் நீளம். "என்ன மூக்கண்ணே, புதுச் சாமானா? மோந்து பார்த்துச் சொல்லுங்க, கேப்போம்" என்றார்.

குனியலாம். விரலைத் தூக்கலாம். 'சுத்தம்' என்று சொல்லிவிடலாம். அனேகமாக அதுதான் உண்மையும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வாசம் தெரியாதுங்க. பத்து மாசமாச்சு" என்றேன். எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அக்கா, நீ பாரு."

டாக்ஸிக்காரர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஷெட்டின் ஆயில் தரையில் அக்கா வெள்ளை யூனிஃபார்மோடு மண்டியிட்டாள். புகைக்குழாய்க்கு ஒரு முழம் தள்ளி, உள்ளங்கையால் புகையைத் தன் பக்கம் லேசாக வீசிக்கொண்டு, கண்ணை மூடினாள்.

"என்னக்கா, தெரியுதா?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கினாள்.